ஈறு நமநமக்கும் குழந்தைக்கு எது கைகொடுக்கும்? விரல், ஈரத்துணி, டீத்தர், ஜெல், சொட்டு மருந்து

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்த சமயம். இரவு இரண்டு மணிக்கு விழித்து, முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிணுங்கினாள். சட்டைக் கழுத்தெல்லாம் எச்சில், மோவாயில் செந்தடிப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலைக் கீழ் ஈறில் வைத்தேன். முன்பக்கம் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. மெல்ல அழுத்தியதும் அவளே விரலைக் கவ்விக்கொண்டு கடிக்க ஆரம்பித்தாள். சிணுங்கல் நின்றது.

அன்றிலிருந்து எனக்கு விரல்தான் முதல் கட்சி. உள்ளிருந்து பல் முட்டுகிறது. வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் அந்த முட்டலை ஈடுகட்டுகிறது. ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்தாலே போதும். எந்த இடம் வீங்கியிருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் முகம் சுளிக்கிறது என்று விரலுக்கு உடனே தெரிந்துவிடும். வேறு எந்தப் பொருளிலும் இந்த வசதி இல்லை. குறை ஒன்றுதான்: விரலை எடுத்ததும் பாதி நேரம் அழுகை திரும்பிவிடும்.

அப்போது ஈரத்துணி. சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஃபிரிட்ஜில் சிறிது நேரம் வைத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்து கிடைக்கும். குளிர்ச்சி ஈறை மரக்கவைக்கும், வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். கல்லாக உறைந்த எதுவும் பிஞ்சு ஈறைப் புண்ணாக்கும். மறுமுனை நம் கையில் இருக்க வேண்டும்.

டீத்தர் என்பது பல் முளைக்கும் குழந்தை கடிப்பதற்கான பொம்மை. அதன் பலம், குழந்தை அதைத் தானே பிடித்துக் கடிக்கலாம் என்பது. நமக்கும் கை ஓயும். வாங்குவதானால் ஒரே துண்டாக வார்த்த கெட்டி ரப்பரோ சிலிகானோ பாருங்கள். உள்ளே நீரோ ஜெல்லோ அடைத்தவை கடிபட்டு ஓட்டையாகலாம். இதையும் ஃபிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடவே கூடாது. பல் வலி தீரும் என்று குழந்தை கழுத்தில் போடும் அம்பர் (இறுகிய மரப்பிசின்) மணிமாலைகளை நான் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை வலியைக் குறைப்பதற்கு ஆதாரம் கிடையாது. மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும், மாலை இறுகினால் மூச்சு நிற்கும். 18 மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அப்படி இறந்ததைக் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது.

ஈறில் தடவும் ஜெல் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. தடவிய சில நிமிடங்களில் எச்சில் அதை அடித்துக்கொண்டு போய்விடும். நாம் மறுபடி தடவுவோம், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பென்சோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து கலந்தவை, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கலாம். இரண்டு வயதுக்குள் கூடாது என்று அதே நிர்வாகம் 2018 மே மாதம் சொல்லிவிட்டது. அதே வகை மருந்தான லிடோகெய்ன் திரவத்துக்கு 2014லேயே எச்சரிக்கை வந்தது: அளவு மீறினால் வலிப்பு, மூளைப் பாதிப்பு, இதயக் கோளாறு. சாதாரண ஈறு வலிக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா?

பாராசிட்டமால் சொட்டு மருந்தை இந்த ஆபத்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன். விரலும் துணியும் தோற்று, குழந்தை தூங்கவே முடியாமல் தவிக்கும் ஓரிரு இரவுகளுக்கு, மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து ஆறு மாதத்துக்கு முன் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், இது பல்தானா என்று பாருங்கள். 125 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பல்லால் வரும் தொல்லை, பல் வெளியே தலைகாட்டுவதற்கு நான்கு நாள் முன்பு தொடங்கி மூன்று நாள் பின்பு வரை, பல் தலைகாட்டும் நாளையும் சேர்த்து மொத்தம் எட்டு நாள்தான். எச்சில், கடி, சிணுங்கல், லேசான உடல் சூடு இதில் அடங்கும். 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் அடங்காது. ஆறு மாதத்தையொட்டி, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தேய்கிறது. கண்ட பொருளும் வாய்க்குப் போகிறது. அதனால் தொற்றும் பல்லும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், பழி மட்டும் பல்மேல் விழும். காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, பால் குடிக்க மறுப்பதோ இருந்தால் டீத்தரைத் தேடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் காலை, தண்ணீர் கொடுத்த கரண்டியில் ‘டிக்’ என்று ஏதோ பட்டது. மறுபடி விரலை வைத்துப் பார்த்தேன். மேடு இருந்த இடத்தில் கூரிய வெள்ளை விளிம்பு.