கையில் ஒரு வென்ஃப்ளான், பில்லில் நான்கு

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாந்தி, காய்ச்சல் என்று புதுச்சேரி முள்ளோடைப் பக்கத்திலிருந்து வந்த 68 வயது அம்மாவை ஆறு நாள் படுக்க வைத்தார்கள். மருந்தும் ட்ரிப்ஸும் ஏற்ற நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், போட்டுவைப்பதுதான் வென்ஃப்ளான். முதல் நாள் வலது முழங்கை மடிப்பில் போட்ட பிங்க் வென்ஃப்ளான் கடைசி நாள்வரை அங்கேயே இருந்தது. மூன்றாம் நாளே "எரியுதும்மா" என்றதற்கு நர்ஸ் சொன்ன பதில், "மருந்து எறங்கும்போது அப்டித்தான் இருக்கும் ஆயா." வீட்டுக்குப் போன மறுநாள் குளிர்காய்ச்சல். கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து, போட்ட இடத்தில் சீழ். பில்லைப் பார்த்தால் வென்ஃப்ளான் நான்கு, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்திரி நான்கு!

ஊசி உள்ளேயே கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஊசியை அப்போதே உருவிவிடுவார்கள்; நரம்புக்குள் தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பிங்க் 20 கேஜ், நீலம் 22, மஞ்சள் 24. எண் ஏற ஏறக் குழாய் மெலியும். வயதானவர்களுக்குச் சாதாரண ட்ரிப்ஸ் ஏற்ற நீலமே பெரும்பாலும் போதும். முழங்கை மடிப்பில் போட்டால், கை மடங்கும்போதெல்லாம் குழாய் நரம்பின் உள்சுவரை உரசிப் புண்ணாக்கும், அங்கே ரத்தம் உறையும், தோலில் இருக்கும் கிருமி குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். அவசரத்தில் அங்கே போட்டது தப்பில்லை. நிலைமை சீரானபின் முன்னங்கைக்கு மாற்றாததுதான் தப்பு.

பிளாஸ்திரியின்மேல் போட்ட தேதியும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். இந்த அம்மா கையில் எதுவும் எழுதவில்லை. ஷிப்ட் மாறி வந்த நர்ஸுக்கு அது எத்தனை நாள் பழசு என்று எப்படித் தெரியும்? 72 முதல் 96 மணி நேரத்துக்குள் மாற்றுவது பழைய வழக்கம். தொந்தரவு இல்லையென்றால் கூடுதலாகவும் விட்டுவைக்கலாம் என்கிறார்கள் இப்போது, ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் இடத்தைப் பார்த்துக் குறித்து வைத்தால்தான் அந்தச் சலுகை. எரிச்சல், சிவப்பு என்று வந்துவிட்டால் மணிக்கணக்கே கிடையாது, உடனே எடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் ஐந்தாம் நாளிலிருந்து அவருக்கு எல்லாம் மாத்திரைதான். வென்ஃப்ளானுக்கு வேலையே இல்லை.

கூட இருப்பவர்கள் வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று மெத்தென்று இருந்தால் மருந்து நரம்புக்கு வெளியே இறங்குகிறது. சூடாகச் சிவந்து கயிறு போலிருந்தால் ரத்தக்குழாய் அழற்சி. எதுவானாலும் ட்ரிப்ஸை நிறுத்திக் குழாயை எடுப்பதுதான் முதல் வேலை, களிம்பெல்லாம் பிறகு. அடைத்த குழாயில் 2 மில்லி சிரிஞ்சை வைத்து அழுத்தித் தள்ளினால் விடாதீர்கள்: சிரிஞ்ச் சின்னதாக ஆக அழுத்தம் கூடும், உறைந்த ரத்தக்கட்டி உள்ளே போய்விடும். மருந்து செலுத்தும் வாயை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி தேய்த்துத் துடைக்க வேண்டும். கழற்றிய மூடி படுக்கையில் விழுந்தால் அதையே திரும்ப மாட்டக்கூடாது. குளிர்காய்ச்சல் வந்துவிட்டால், புது ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

இனி பில். மொத்தமாக "மருந்து, உபகரணங்கள்" என்று ஒரு தொகை போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். பொருள்வாரியாக, பேட்ச் எண்ணோடு கேளுங்கள். நர்ஸ் குறிப்பில் வென்ஃப்ளான் மாற்றியதாக எத்தனை முறை எழுதியிருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்துமூலம் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "நீங்க கேக்கவே இல்லியே" என்பார்கள்.

கடலூர் ஆஸ்பத்திரி என்றால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். அது ஆஸ்பத்திரியின் பதிவு, அதன்மேல் நடவடிக்கை பற்றியது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான். காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதனால் முள்ளோடைக்காரர் புதுச்சேரியில் போடலாம், கடலூருக்கு அலைய வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. ஆஸ்பத்திரிக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

கையைப் போட்டோ எடுத்தீர்களா? பிளாஸ்திரியைப் பிரிப்பதற்கு முன் ஒன்று, பிரித்தபின் ஒன்று.