விட்ருவியஸ்: 1511 வெனிஸ் பதிப்பா, 1521 கோமோ பதிப்பா?

அகஸ்டஸ் காலத்து ரோமானியர் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலுக்கு அவர் வரைந்த படங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 1480களில் ரோமில் வந்த முதல் அச்சும் ஏறக்குறைய வெறும் எழுத்துதான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஃப்ரா ஜோகோண்டோ. கட்டடக் கலைஞரான இந்தத் துறவி 1511இல் வெனிஸில் கொண்டுவந்த லத்தீன் பதிப்பில் 136 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. பழைய சுவடிகளை ஒப்பிட்டு மூலத்தையும் திருத்தினார். படங்கள் எளிமையானவை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

1521இல் கோமோவில் அச்சான, மிலான் கட்டடக் கலைஞர் செசாரியானோவின் பதிப்பு வேறு ரகம். இத்தாலிய மொழியில் அச்சான முதல் முழு மொழிபெயர்ப்பு இது. நடுவில் மூலம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை. படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மிலான் பேராலயம். தரைப்படம் என்றால் என்ன, குறுக்குவெட்டு என்றால் என்ன என்று விளக்க, 1386இல் தொடங்கிய அந்தக் கோதிக் (ஐரோப்பிய இடைக்காலப் பாணி) கட்டடத்தையே எடுத்துக்கொள்கிறார். ரோமானிய நூலுக்குக் கோதிக் உதாரணம்! வரலாற்றுப்படி பொருந்தாதுதான்; ஆனால் தன் ஊர்க் கட்டடத்தை வைத்துப் பழைய நூலைப் புரிந்துகொள்ளும் துணிச்சல் அதில் இருக்கிறது. அப்புறம், உடலின் அளவு விகிதங்கள் பற்றி விட்ருவியஸ் சொன்னதைக் காட்டும் மனித உருவம்: கட்டம்போட்ட சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் கைகால்களை விரித்து நிற்கிறது. பதிப்பித்தவர்களோடு சண்டை வந்து, செசாரியானோ பாதியில் விலக, கடைசிப் பகுதியை வேறு இருவர் முடித்தார்கள்.

விட்ருவியஸ் சொன்னது என்ன என்று அறிய ஜோகோண்டோ போதும். மறுமலர்ச்சிக் காலம் அவரை எப்படிப் படித்தது என்று பார்க்க செசாரியானோதான். ஒன்றைத்தான் புரட்டலாம் என்றால் நான் 1521ஐக் கேட்பேன்.