மைடி88 ஆன்டிபாடி: வெஸ்டர்னுக்கு தாராளமா வாங்கலாம், மத்ததுக்கு யோசிங்க

மைடி88ங்கற இம்யூன் சிக்னல் புரோட்டீன புடிக்கற இந்த ராபிட் (முயல்ல எடுத்த) ஆன்டிபாடிய லேப்ல ரெகுலரா யூஸ் பண்றோம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரோட்டீன சைஸ் வாரியா பிரிச்சு பாக்கற டெஸ்ட்) சூப்பர், டிஎச்பி1 லைசேட்ல (மனுஷ ரத்த செல் லைன உடைச்சு எடுத்த சாறு) 33 கிலோடால்டன் கிட்ட ஒரே பேண்ட் ஷார்ப்பா வருது, பக்கத்து லேன்ல மைடி88 நாக்அவுட் செல் (அந்த ஜீனையே செயலிழக்க வச்சது) போட்டா அந்த எடம் சுத்தமா காலி, அது ஒண்ணுக்காகவே நம்பி வாங்கலாம். பால் பவுடர விட பிஎஸ்ஏல (மாட்டு சீரம் ஆல்புமின்) பிளாக் பண்ணா பேக்ரவுண்ட் கம்மி.

கடுப்பு என்னன்னா புரோட்டீனோட எந்தப் பகுதிய வச்சு ஆன்டிபாடி எடுத்தாங்கன்னு டேட்டாஷீட்ல இல்ல, சப்போர்ட்ல கேட்டா கம்பெனி ரகசியமாம். மைடி88க்கு இது சின்ன விஷயமே இல்லங்க. இதோட ஒரு பக்கம் டிஐஆர் டொமைன், கிருமிய உணர்ற டிஎல்ஆர், ஐஎல்-1 ரிசப்டர் பக்கம் ஒட்டுறது அது, இன்னொரு பக்கம் டெத் டொமைன், அங்க தான் சிக்னல அடுத்து கடத்தற ஐராக்4 கைனேஸ் வந்து சேரும். நடுவுல இருக்கற துண்டு ஜீனோட எக்ஸான் 2ங்கற துண்டுல இருந்து வருது, அது ஸ்ப்ளைசிங்ல (ஆர்என்ஏ துண்டுகள ஒட்டறப்போ) விட்டுப்போனா 296 அமினோ ஆசிட் 251 ஆயிடும், அந்த குட்டி ஃபார்ம் ஐராக்4அ கூப்பிடாது, சிக்னல அமுக்கிடும். ஆன்டிபாடி அந்த நடுத்துண்டுக்கு எதிரா எடுத்ததா இருந்தா குட்டி ஃபார்ம் கண்ணுலயே படாது, நாம அது இல்லவே இல்லன்னு எழுதிடுவோம். கடைசில நாக்அவுட் செல்லுல குட்டி ஃபார்ம மட்டும் எக்ஸ்பிரஸ் பண்ணி பாத்தோம், 28 கிலோடால்டன் கிட்ட பேண்ட் வந்துச்சு, அப்பதான் நிம்மதி. ஒரு வரி டேட்டாஷீட்ல போட்டிருந்தா இந்த வேலையே இல்ல.

ஐபி (ஆன்டிபாடியால புரோட்டீன இழுத்து எடுக்கறது) பண்ணி அதே ஆன்டிபாடிய வச்சு பிளாட் பண்ணாதீங்க, 25ல ஆன்டிபாடியோட சொந்த லைட் செயின் தடியா வந்து குட்டி ஃபார்ம முழுங்கிடும். இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு (செல்லுக்குள்ள புரோட்டீன ஒளிர வச்சு பாக்கறது) வேண்டவே வேண்டாம், நாக்அவுட் செல்லும் சேர்ந்து பளிச்சுனு தெரியுது.

லிம்ஃபோமா சாம்பிள் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. வால்டன்ஸ்ட்ராம் (ஒரு வகை லிம்ஃபோமா) நோயாளிங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல இருக்கற மைடி88 எல்265பி மியூடேஷன் ஒரே ஒரு அமினோ ஆசிட் மாற்றம், இந்த ஆன்டிபாடிக்கு நார்மலும் அதுவும் ஒண்ணுதான். அதுக்கு அலீல் ஸ்பெசிஃபிக் பிசிஆரோ (மியூடேஷன் இருக்கற ஜீன மட்டும் பெருக்கறது) சீக்வென்சிங்கோ பண்ணுங்க, இதுல காச போடாதீங்க.