ஆறு சனிக்கிழமை, 2,400 ரூபாய்: கருத்துச் சுதந்திர ஆன்லைன் வகுப்பு எப்படி?

பத்திரிகையில் மெய்ப்பு பார்ப்பது என் வேலை. வக்கீல் நோட்டீஸ் வருகிற அன்று ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்க்கும்: "இந்த வரி உங்க கண்ணுல படலியா?" மூன்றாவது தடவை கேட்டபோதுதான் இந்த வகுப்பில் பணம் கட்டினேன். அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா என்று மூன்று நாட்டு அரசியல் சாசனங்களை ஒப்பிட்டுத் தமிழிலேயே நடத்துகிறார்கள்.

முதல் வாரம் கொட்டாவி. இரண்டாவது வாரம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையின் இடது பக்கம் பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கிற அமெரிக்கச் சாசனத்தின் முதல் திருத்தம், 1791, ஆங்கிலத்தில் மொத்தமே 45 சொற்கள். அதில் விதிவிலக்கு என்று ஒன்றுகூட எழுதவில்லை. எல்லைகளைப் பின்னால் நீதிமன்றங்கள்தான் போட்டன. வலது பக்கம் கருத்துச் சுதந்திரம் தருகிற நம் சாசனப் பிரிவு 19(1)(அ), அதன் கீழேயே அதைக் கட்டுப்படுத்த இடம் தருகிற 19(2): அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பொது ஒழுங்கு என எட்டுக் காரணங்கள். 1950இல் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைத் தடுத்த மெட்ராஸ் அரசு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மறு வருஷமே சாசனத்தைத் திருத்தி 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தார்கள். அதே திருத்தத்தில் 'கட்டுப்பாடுகள்' என்பதற்கு முன்னால் 'நியாயமான' என்ற சொல்லும் ஏறியது. அரசு போடும் தடையை நீதிமன்றம் எடைபோட இடம் கொடுப்பது அந்தச் சொல்தான். சொல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிற எனக்கு அது புல்லரித்தது.

மூன்றாவது வாரத்துக்கே 2,400 ரூபாய் தகும். போலீஸ் நடவடிக்கையைக் குறை சொன்ன விளம்பரத்துக்காக, அலபாமாவில் ஒரு நகர அதிகாரி நியூயார்க் டைம்ஸ் மேல் வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: பொய் என்று தெரிந்தே போட்டிருக்க வேண்டும், இல்லை உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் போட்டிருக்க வேண்டும், அப்படி நிரூபித்தால்தான் அதிகாரிக்கு நஷ்ட ஈடு. அப்புறம் வகுப்பு எடுத்தவர் நேராக 1994க்கு வந்தார், நக்கீரன் வழக்கு. ஆட்டோ சங்கர் சுயசரிதையை வெளியிடவே விடக் கூடாது என்று சிறைத்துறை நின்றது. நம் உச்ச நீதிமன்றம் அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பார்த்து, அச்சுக்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, குறை இருந்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றது. அலபாமாவிலிருந்து சென்னைக்கு இப்படி ஒரு பாதை போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜெர்மனியைத்தான் கெடுத்துவிட்டார்கள். தணிக்கை கிடையாது என்று சாசனத்திலேயே எழுதிய நாடு அது. ஆனால் யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று அங்கே மேடையில் பேசினால் குற்றம். அமெரிக்காவில் அதே பேச்சுக்குப் பொதுவாகத் தண்டனை கிடையாது. ஏன் இந்த வித்தியாசம் என்று நாஜிக் காலத்தை வைத்து ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கிறது. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு "கேள்வி இருக்கா?" என்றார். இருந்தது, நேரம்தான் இல்லை.

பாடக் குறிப்புகள் பிடிஎஃப்பாக வரும். 'அவதூறு' எல்லா இடத்திலும் 'அவதுறு'. விட மனசில்லாமல் 61 பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். "கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. ஐந்தாவது வாரக் குறிப்பிலும் 'அவதுறு'தான்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களை மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.