டிசம்பர் நடை: மொன்சல் பாதையா, மாம் டோர் முகடா?

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் குடில் எடுத்துத் தங்குபவர்களுக்கு, அடைமழைக்கு மறுநாள் மொன்சல் பாதைதான் சரி. பழைய ரயில் தடம் என்பதால் 8.5 மைலும் ஏறக்குறைய சமதளம், சேறும் குறைவு. சுரங்கங்களில் விளக்கு உண்டு. பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும், டார்ச் கையில் இருக்கட்டும்.

மாம் டோர் 517 மீட்டர் உயரம். கீழே பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்திருக்க, முகட்டில் வெயில் அடிக்கும் காலைகள் உண்டு. அந்த அழகுக்கு மொன்சல் ஈடாகவே ஆகாது! ஆனால் ஹாலின்ஸ் கிராஸ் பக்கம் இறங்கும் வழியில் பதித்த கற்பலகைகளில் மெல்லிய பனிக்கட்டி படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்காது. நடை பூட்ஸும், அதன்மேல் மாட்டும் முள்பட்டையும் வேண்டும். நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும். இரண்டரைக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள்.