கடையா, வகுப்பா: தையலை எங்கே தொடங்குவது?

தையல் கடையில் சேரும் பையன் கையில் முதல் நாளே மெஷினைக் கொடுக்க மாட்டார்கள். காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்கணும், பட்டன் கட்டணும், ஓரத்தை மடித்து ஹெம்மிங் போடணும். மாதக்கணக்கில் கை ஊசிதான். ஆனால் அந்தக் காஜாதான் கையைப் பழக்குகிறது. வெட்டிய துளையின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாக, ஒவ்வொரு தையலிலும் நூலை முடிச்சாக்கி இழுக்க வேண்டும். இழுப்பு கூடினால் துணி சுருங்கும். குறைந்தால் பிசிறு கிளம்பும். சொல்லித் தருவது கஷ்டம், தைத்துத் தைத்து விரலுக்கே பிடிபட வேண்டும்.

வகுப்பு வேறு மாதிரி. முதலில் நூல் கோக்காத மெஷினில் கோடு போட்ட காகிதத்தை ஓட்டச் சொல்வார்கள். மிதிக்கும்போது சக்கரம் பின்னால் சுழன்றால் நூல் அறுந்துவிடும். அந்தத் தப்பைக் காகிதத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். அப்புறம் அளவெடுப்பது, பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டுவது. ஐடிஐ என்றால் ஓராண்டுப் படிப்பு, கையில் சான்றிதழ்.

கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் தன் மேசையை எளிதில் விட்டுத்தர மாட்டார். பல ஆண்டு தைத்தும் ரவிக்கை வெட்டத் தெரியாதவர்கள் உண்டு. அதனால் வெட்டக் கற்க வகுப்புதான் என் தேர்வு. வேகமும் நேர்த்தியும் வேண்டுமா? சான்றிதழ் வாங்கிய கையோடு ஆறு மாதம் ஒரு கடையில் உட்காருங்கள், காஜாவிலிருந்தே.