அலுமினியப் பெட்டிக்குள் ஃபெராரி: கொழும்புக் காற்று தாங்குமா?

டாஷென் பதிப்பகம் 2018இல் வெளியிட்ட ஃபெராரி நூல் பாதி புத்தகம், பாதி சிற்பம். மொத்தம் 1,947 பிரதிகள். ஃபெராரி என்ற பெயரில் முதல் கார் வெளிவந்த ஆண்டு 1947 என்பதால் இந்த எண்ணிக்கை. இலக்கம் 1 முதல் 250 வரை கலைப் பதிப்பு. இயந்திரக் குழாய்கள் போல வளைந்த புத்தகத் தாங்கி ஒன்றும் கூட வரும். 251இலிருந்து சேகரிப்பாளர் பதிப்பு. தோல் அட்டை, கைத்தையல், வடிவமைப்பாளர் மார்க் நியூசன் உருவாக்கிய அலுமினியப் பெட்டி, நிறுவனர் என்சோவின் மகன் பியேரோ ஃபெராரியின் கையொப்பம். உயரம் 43 சென்ரிமீற்றர், அகலம் 32 அளவில். வெளிவந்தபோது சேகரிப்பாளர் பதிப்பின் விலை ஆறாயிரம் டொலர்.

படத்தொகுப்பாகப் பார்த்தால் இதோடு போட்டி போடக்கூடியவை குறைவு. கம்பனியின் ஆவணக் காப்பகத்திலிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் எடுத்த படங்கள், இந்தப் பக்க அளவில், வேறு எங்கும் இப்படிக் கிடைப்பதில்லை. ஆனால் பழைய பந்தயக் கார்களைப் படிக்க வேண்டும் என்று புத்தகம் சேர்ப்பவருக்கு இது முதல் தெரிவாக இருக்கக் கூடாது. கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

பந்தயக் கார் நூலின் பெறுமதி சேசிஸ் இலக்கத்தில், அதாவது ஒவ்வொரு காரின் சட்டகத்துக்கும் உரிய தனி எண்ணில், இருக்கிறது. எந்தக் கார், எந்த நாள், யார் ஓட்டினார், எப்போது இயந்திரம் மாறியது, எந்த விபத்துக்குப் பிறகு உடற்பகுதி மாற்றப்பட்டது என்பதெல்லாம் பதிவாக இருந்தால்தான் அது நூல். இந்த வேலையைச் செய்பவை ஒரு காருக்கு ஒரு நூல் என்று வரும் வரிசைகள். போர்ட்டர் பிரஸ் அப்படி வெளியிட்ட நூல்களில் ஒன்று முழுக்க முழுக்க 2119 ஜிடி என்ற ஒரே ஒரு ஃபெராரி 250 ஜிடி எஸ்டபிள்யூபி பற்றியது. ரொப் வோக்கர் பந்தய அணியின் கருநீலக் கார் அது. 1960இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்த டூரிஸ்ட் ட்ரொஃபி பந்தயத்தில் ஓட்டுநர் ஸ்ரேலிங் மொஸ் வென்றது அதில்தான். துணி அட்டையில் வரும் சாதாரணப் பதிப்பும் தோல் அட்டை விசேட பதிப்பும் உள்ள நூலென்றால் துணி அட்டையை எடுங்கள். உள்ளே இருக்கும் எழுத்து பெரும்பாலும் அதே எழுத்துத்தான்.

வாங்குமுன் ஒரு நூலை எடைபோட இரண்டு இடங்களைப் புரட்டினால் போதும். முதலாவது, ஜெர்மனியின் 1934 ஐஃபெல் பந்தயம். மெர்சிடிஸ் டபிள்யூ 25 கார் 750 கிலோ எடை வரம்பை ஒரு கிலோ தாண்டியதாம், இரவோடிரவாக வெள்ளைப் பெயின்றைச் சுரண்டி எடுத்ததாம், வெள்ளி நிற ஜெர்மன் பந்தயக் கார்களின் ‘வெள்ளி அம்பு’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் பிறந்ததாம். அணி முகாமையாளர் நொய்பவர் பின்னாளில் சொன்ன கதை இது. அந்தப் பந்தயம் 750 கிலோ விதியின்கீழ் நடக்கவேயில்லை என்று வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கதையை அப்படியே ஒப்பிக்கும் நூல் வரவேற்பறை மேசைக்கு மட்டும். இரண்டாவது, ஃபெராரி 250 ஜிடிஓ கார்கள் மொத்தம் எத்தனை செய்யப்பட்டன என்பது. 1962 முதல் 1964 வரை 36 என்பது பொதுக் கணக்கு. நான்கு லீற்றர் இயந்திரம் பூட்டிய மூன்றையும் சேர்த்தால் 39. எந்தக் கணக்கு, ஏன் என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகரும் ஆசிரியரை மற்ற எண்களிலும் நம்ப வேண்டாம்.

இனிக் காற்று. கொழும்பில் சராசரி ஈரப்பதன் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பூஞ்சணம் பிடிக்க எழுபது போதும். புத்தகத்துக்கு வேண்டியது 45 முதல் 55. அட்டைப் பெட்டிக்குள் வரும் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் இங்கே வெறும் ஆறுதல். ஐம்பது லீற்றர் கொள்ளும் பெட்டியின் காற்றில், எண்பது சதவீத ஈரப்பதனில், இருக்கும் நீர் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். அதைப் பொட்டலம் உறிஞ்சிவிடும். ஆனால் பெரும்பகுதி நீர் இருப்பது காற்றில் அல்ல, காகிதத்தில். பத்துக் கிலோ பளபளப்புக் காகிதம் எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்க, ஏறக்குறைய இருநூறு கிராம் நீரை வெளியே விட வேண்டும். அதை வாங்கிக்கொள்ள ஒரு கிலோ ஜெல்லாவது தேவை. செம்மஞ்சள் நிற ஜெல் ஈரம் ஏறிப் பச்சையானதும் 110 பாகையில் இரண்டு மணிநேரம் ஓவனில் வைத்து மறுபடி பாவிக்கலாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, வீட்டில் வேண்டாம்.

ஆகவே ஈரமான புத்தகத்தை மூடிய பெட்டிக்குள் வைப்பது ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான். முதலில் ஈரநீக்கி ஓடும் அறையில் இரண்டு மூன்று வாரம் வெளியே கிடக்கட்டும், பிறகு பெட்டி. அவசரப்பட்டு உலர்த்தினால் தோல் இழுத்து அட்டை வளையும்.

இரவில் மட்டும் ஏசி போடும் வீடுகளில் இன்னொரு சிக்கல். கொழும்புக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 பாகை. 22 பாகைக்குக் குளிர்ந்த அலுமினியப் பெட்டி இருக்கும் அறையில், காலையில் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்தால் பெட்டி வியர்க்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கத்து மாடி என்றால் அந்த வியர்வையில் உப்பும் சேரும். அலுமினியத்தில் குண்டூசி முனை போலப் புள்ளி அரிப்பு வர அது போதும். ஏசியை நிறுத்தி, அறை தானாகச் சூடேறிய பிறகு யன்னலைத் திறப்பது ஒரு பைசாச் செலவில்லாத வழி.

பளபளப்புக் காகிதத்தின் மேற்பூச்சு வெண்களியும் பசையும். நனைந்து உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. கூரை ஒழுகும் அறையில் இந்தப் புத்தகம் வேண்டாம். இந்த எடையை நிறுத்தி வைத்தால் உள்பக்கங்கள் அட்டையை விட்டுக் கீழ்நோக்கித் தொங்கி முதுகுத் தையல் இளகும். படுக்க வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம். பலகைத்தூள் அலுமாரி அமில ஆவி விடும், ஈரத்தில் ஊதும். பூச்சுப் பூசிய இரும்பு அலுமாரி நல்லது. சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி. இராமபாணப் பூச்சிக்கு மாப்பசையும் துணி அட்டையும் பிடிக்கும். துணி அட்டைக்கு நான் கொடுத்த புள்ளியில் இங்கே அரைப் புள்ளி குறைகிறது.

தருவிப்பதில் கவனிக்க வேண்டியது எடை அல்ல, பருமன். விமானக் கூரியர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்த எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, கூடியதற்குக் கட்டணம் எடுப்பார்கள். 60க்கு 50க்கு 25 பெட்டி என்றால் பதினைந்து கிலோ. விலைப்பட்டியலில் ‘பரிசுப் பொருள்’, ‘அலங்காரப் பொருள்’ என்று எழுத விடாதீர்கள். அச்சிட்ட புத்தகம், சுங்கத் தலைப்பு 4901, பெட்டி அதன் பகுதி என்று ஒரே வரியில் வர வேண்டும். அலுமினியப் பெட்டி தனி வரியாக வந்தால் சுங்கத்தில் தனிக் கேள்வியும் வரும். கிளியரிங் ஏஜென்டிடம் அனுப்புமுன்பே பட்டியலைக் காட்டுவது நல்லது.

உள்ளூரில் இவற்றைத் தேடினால் செப்ரெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிதான் ஒரே தடவையில் பல கடைகளைக் காணும் இடம். மருதானைப் பழைய புத்தகக் கடைகள் பழைய மோட்டார் சஞ்சிகைகளுக்குத்தான். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிப் படம் எதிலாவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் கையாக வாங்கினால் முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள்: மடித்த தாள்கட்டுகள் தெரிந்தால் தையல், ஒரே நேர்வெட்டு என்றால் வெறும் பசை. பத்து மடங்கு லென்ஸால் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் நல்ல அச்சில் கறுப்போடு சாம்பல் மையும் தெரியும். முதல் பத்துப் பக்கங்களை மோந்து பாருங்கள். பூஞ்சண வாடையைத் துடைத்து மறைக்க முடியாது. வெளிக் காட்போட் பெட்டியும் கேளுங்கள். ஃபெராரி நூலில் இலக்கம் 250க்குள் இருந்து தாங்கி இல்லாமல் விற்பனைக்கு வந்தால், அது முழுப் பிரதி அல்ல. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.